டால்கிளிஷின் 30 கோல், லாவின் 30 கோல்: இரண்டும் ஒன்றா?

#1 ஏழாம்எண்

கென்னி டால்கிளிஷ், டெனிஸ் லா இருவருமே ஸ்காட்லாந்துக் கால்பந்து அணிக்காக 30 கோல் அடித்தவர்கள். லா ஆடியது 55 ஆட்டங்கள், டால்கிளிஷ் ஆடியது 102. இந்த ஒற்றைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, "லிவர்பூலுக்கு அவர் அரசர்தான், நாட்டுக்குச் சுமார்தான்" என்று டால்கிளிஷை ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டால்கிளிஷ் கோலுக்காக மட்டும் ஆடியவர் அல்லர். எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்து வருவதற்கு முன்பே தன்னைச் சுற்றி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து முடித்திருப்பார். பந்து காலில் பட்ட அடுத்த நொடியில் இன்னொருவர் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார், பந்தும் அவர் காலடிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். கோல் பட்டியலில் அந்த இன்னொருவரின் பெயர்தான் ஏறும். இப்படி ஆடிய ஒருவரைக் கோல் எண்ணிக்கையால் மட்டும் எடைபோட்டால் அவருடைய ஆட்டத்தில் பாதியைக் கழித்துவிடுகிறோம்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையை முழுமையாகப் பேசுவோம். அவர் ஆடிய செல்டிக், லிவர்பூல் கிளப்புகள், ஸ்காட்லாந்து அணி மூன்றையும். மறுப்பவர்களும் வாருங்கள், ஆனால் காரணத்தோடு வாருங்கள்.

#2 சிவப்புச்சட்டை

நான் மறுக்கிறவன், அதனால் முதலில் வந்துவிட்டேன்.

லாவின் கோல்களை அப்படி லேசாகக் கடந்து போக முடியாது, நண்பரே. 1962இல் வட அயர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. 1963இல் நார்வேக்கு எதிராக மறுபடியும் நான்கு. 1967இல் உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தை வெம்பிளியிலேயே ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 404 ஆட்டங்களில் 237 கோல், அதிலும் 1963-64 பருவத்தில் மட்டும் 46. 1964இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது வாங்கினார். அந்த விருதைப் பெற்ற ஒரே ஸ்காட்லாந்துக்காரர் அவர்தான்.

டால்கிளிஷ் 1983இல் அந்த விருதில் இரண்டாம் இடம் வரை வந்தார், பிளாட்டினிக்குப் பின்னால். மதிக்கிறேன். ஆனாலும் முன்கள வீரரின் முதல் வேலை கோல் அடிப்பது. அதில் லா ஏறக்குறைய இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். டால்கிளிஷ் மூன்று ஆட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. இந்த இடைவெளியை "இடம் உருவாக்கினார்" என்ற ஒரு சொற்றொடரால் நிரப்பிவிட முடியுமா?

#3 நடுக்களம்

நிரப்ப முடியும், அதற்கும் எண்ணிக்கையே போதும்.

லிவர்பூலில் லீக் ஆட்டங்களில் டால்கிளிஷின் கோல்களைப் பருவ வாரியாகப் பாருங்கள். 1977-78இல் 20, அடுத்த பருவம் 21, அதற்கடுத்தது 16. இந்த மூன்று பருவங்களிலும் 42 லீக் ஆட்டங்களையும் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு 8, 13, 18, 7, 6 என்று போகிறது. 1980இல் செஸ்டர் அணியிலிருந்து இயன் ரஷ் என்ற இளைஞர் 3 லட்சம் பவுண்டுக்கு வந்து சேர்ந்தார். 1981-82 முதல் அவர் அணியில் நிலையான இடம் பிடித்தார். 1983-84இல் டால்கிளிஷ் லீக்கில் அடித்தது ஏழே கோல். அதே பருவத்தில் ரஷ் லீக்கில் 32, எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 47.

அந்தப் பருவத்தில் லிவர்பூல் லீக்கையும் லீக் கோப்பையையும் ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்து வென்றது. ஏழு கோல் அடித்த முன்கள வீரரை யாரும் உட்கார வைக்கவில்லை. ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் கன்ன எலும்பு முறிந்ததால்தான் சில வாரங்கள் வெளியே இருந்தார். கோல் ஒன்றே அளவுகோல் என்றால் லிவர்பூல் மேலாளர்கள் பெய்ஸ்லியும் ஃபேகனும் அவரை எப்போதோ விற்றிருப்பார்கள்.

ரஷ் ஓடத் தொடங்குவார். தடுப்பாட்டக்காரர்கள் அவரைத் துரத்தினால் டால்கிளிஷுக்கு முன்னால் வெட்டவெளி. துரத்தாமல் டால்கிளிஷை நெருங்கி வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்து விழும். எந்தப் பக்கம் போனாலும் நட்டம். இந்தச் சிக்கலை எதிரணிக்கு ஏற்படுத்தியவர் பெரும்பாலும் பந்தை வைத்திருந்தவர்தான்.

#4 கோல்வலை

எனக்கு வயது இருபதுதான், இவர்கள் ஆடியதை நேரில் பார்த்ததில்லை. பழைய காணொளிகளில் பார்க்கும்போது டால்கிளிஷ் வேகமானவராகத் தெரியவில்லை. உயரமும் இல்லை. இன்றைய ஆட்டத்தில் இப்படி ஒருவரைப் பதினைந்து வயதிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள் அல்லவா? அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் அண்ணா?

#5 பார்க்ஹெட்வாசி

தம்பி, நல்ல கேள்வி. வேண்டாம் என்று அனுப்பியவர்கள் அன்றும் இருந்தார்கள். நான் கிளாஸ்கோவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊரில் அவர் கதை இன்னும் நடப்புச் செய்தி போலத்தான் பேசப்படுகிறது.

1951 மார்ச் 4ஆம் தேதி கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியான டால்மார்னக்கில் பிறந்தார். பையனாக இருந்தபோது ரேஞ்சர்ஸ் ரசிகர். குடும்பம் பின்னர் ரேஞ்சர்ஸ் மைதானமான ஐப்ராக்ஸ் பக்கமே குடிபோனது. கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் பிரிவு வெறும் விளையாட்டுப் பிரிவு அன்று. மதம், குடியேற்ற வரலாறு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பையன், அதுவும் ரேஞ்சர்ஸ் ரசிகன், கத்தோலிக்க மரபுள்ள செல்டிக்குக்குப் போவது சாதாரணமில்லை. ஆனால் ரேஞ்சர்ஸ் அவரைக் கேட்கவே இல்லை. பதினைந்து வயதில் லிவர்பூலிலும் வெஸ்ட் ஹாமிலும் சோதனை ஆட்டம் ஆடினார், அங்கும் ஒன்றும் நடக்கவில்லை. 1967இல் செல்டிக் மேலாளர் ஜாக் ஸ்டீனின் துணை மேலாளர் ஷான் ஃபாலன் வீட்டுக்கே வந்தார். அவர் வந்து நின்றதும் பையன் தன் அறைக்கு ஓடி, சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களைக் கிழித்து எடுத்த கதையை இங்கே அறியாதவர் இல்லை.

ஆனால் உடனே முதல் அணிக்கு வந்துவிடவில்லை. ஸ்டீன் அவரை முதலில் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சிறிய அணிக்கு ஆட அனுப்பினார். 1968இல் முதல் ஆட்டம் கிடைத்தது. முதல் அணியில் நிலையான இடம் கிடைத்தது 1971இல்தான். நடுவில் இருந்த ஆண்டுகளில் ரிசர்வ் அணியில் டேனி மெக்ரெய்ன், லூ மக்காரி, டேவிட் ஹே, ஜார்ஜ் கானலி ஆகியோரோடு ஆடினார். அந்த ரிசர்வ் அணியே பல முதல்தர அணிகளை வென்றிருக்கும் என்பார்கள். ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி மேலே இருந்ததால் கீழே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் அவர் கற்றுக்கொண்டார். இன்றைய அவசரத்தில் இழந்துவிட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

#6 பார்க்ஹெட்வாசி

ஒன்று விட்டுப்போயிற்று. 1971 ஆகஸ்ட் 14, லீக் கோப்பை ஆட்டம். செல்டிக்கின் சொந்த மைதானத்தில் கட்டுமான வேலை நடந்ததால் ஆட்டம் ஐப்ராக்ஸில். எதிரணி ரேஞ்சர்ஸ். செல்டிக்குக்குப் பெனால்டி கிடைத்தது. அணித்தலைவர் பில்லி மெக்நீல் இருபது வயதுப் பையனை அடிக்கச் சொன்னார். டால்கிளிஷ் பந்தை வைத்துவிட்டு, குனிந்து நிதானமாகக் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். பிறகு போட்டார். போட்டி ஆட்டத்தில் செல்டிக்குக்கு அவர் அடித்த முதல் கோல் அது. சிறுவயதில் எந்த அணிக்காகக் கத்தினாரோ அந்த அணிக்கு எதிராக, அந்த அணியின் மைதானத்திலேயே.

அதற்குச் சில மாதம் முன்பு கில்மார்னக் வீரர் ஃபிராங்க் பீட்டியின் பாராட்டு ஆட்டத்தில் ஒரே நாளில் ஆறு கோல் அடித்திருந்தார். ஸ்டீனுக்கு மனத்தில் ஐயம் ஏதாவது இருந்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

செல்டிக்கில் லீக் பட்டம் நான்கு, ஸ்காட்டிஷ் கோப்பை நான்கு, 167 கோல். இதில் லீக் கோல்கள் மட்டும் 111. சிவப்புச்சட்டை அவர்களே, கோல் அடிக்கத் தெரியாதவர் போல எழுதாதீர்கள். ஸ்காட்லாந்து லீக்கிலும் நூறு, இங்கிலாந்து லீக்கிலும் நூறு கடந்தவர். லிவர்பூலில் லீக் கோல் 118.

#7 சிவப்புச்சட்டை

கோல் அடிக்கத் தெரியாதவர் என்று நான் எங்கும் எழுதவில்லை, பார்க்ஹெட்வாசி. செல்டிக்கிலும் லிவர்பூலிலும் இப்படி அடித்தவர் நாட்டுச் சட்டை போட்டால் ஏன் குறைந்தார் என்பதே என் கேள்வி. நீங்கள் தந்த எண்ணிக்கை என் கேள்வியைத்தான் கூர்மையாக்குகிறது. உலகக் கோப்பைகள் மூன்று, 1974, 1978, 1982. எட்டு ஆட்டங்கள். இரண்டு கோல்.

#8 ஏழாம்எண்

இந்தக் கேள்விக்குத்தான் இழையே தொடங்கினேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

1974ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அணியை 2-0 என்று வென்றார்கள். பிரேசிலுடன் 0-0, யூகோஸ்லாவியாவுடன் 1-1. தோற்காமலேயே கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். ஜயர் ஆட்டத்தில் டெனிஸ் லாவும் டால்கிளிஷும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தார்கள். கோல் போட்டவர்கள் லோரிமரும் ஜோர்டனும். லாவின் கடைசி சர்வதேச ஆட்டம் அது. அன்று 34 வயதான லாவும் கோல் அடிக்கவில்லை, 23 வயதான டால்கிளிஷும் அடிக்கவில்லை. இதை வைத்து லாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதே நியாயம் மற்றவருக்கும் கிடைக்க வேண்டும்.

1978 இன்னும் வேதனை. மேலாளர் ஆலி மெக்லியோட் கோப்பையோடு திரும்புவோம் என்ற நம்பிக்கையை நாடு முழுவதும் ஏற்றிவிட்டிருந்தார். அர்ஜென்டினாவில் பெருவிடம் 3-1 என்று தோல்வி, ஈரானுடன் 1-1. நெதர்லாந்தை மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய நிலையில் 3-2 என்று வென்று வீடு திரும்பினார்கள். அந்த ஆட்டத்தில் ஆர்ச்சி கெம்மில் அடித்த கோல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நெதர்லாந்து முன்னிலை பெற்றபின் ஸ்காட்லாந்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்த முதல் கோல் டால்கிளிஷுடையது, அதை யாரும் சொல்வதில்லை.

லிவர்பூலில் ஆண்டு முழுவதும் அதே பத்துப் பேரோடு பயிற்சி செய்து ஆடினார். நடுக்கள வீரர் சூனெஸ் எப்போது பந்தைக் கொடுப்பார், ரஷ் எந்தத் தோள் பக்கம் ஓடுவார் என்பதெல்லாம் உடம்பில் ஊறிப்போன பழக்கம். நாட்டு அணியில் அந்தப் பழக்கம் படிய நேரமே இல்லை. டோமி டாக்கர்ட்டி, வில்லி ஆர்மண்ட், மெக்லியோட், ஸ்டீன், கடைசியாக அலெக்ஸ் ஃபெர்குசன், ஆண்டி ராக்ஸ்பர்க் என்று மேலாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் பெரும்பாலும் ஜோ ஜோர்டன் போன்ற உயரமான வீரரை வைத்து மேலே பந்து தூக்கிப் போட்டு ஆடினார்கள். அது தவறான ஆட்டம் என்று சொல்லவில்லை, ஜோர்டன் அருமையான வீரர். ஆனால் டால்கிளிஷின் அறிவு முழுதும் தரையில் ஓடும் பந்தில் இருந்தது. அவரைச் சுற்றி ஆட்டத்தை அமைக்காமல், ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்துக்குள் அவரைப் பொருத்தினார்கள். பதினைந்து ஆண்டு இப்படி நடந்தும் 30 கோல் அடித்தார் என்பதே எனக்கு வியப்பு.

#9 நடுக்களம்

சேர்த்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியில் 100 சர்வதேச ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரர் அவர். இத்தனை மேலாளர்கள் மாறியும் ஒவ்வொருவரும் அணிப் பட்டியல் எழுதும்போது அவர் பெயரை எழுதினார்கள். இவர்களில் ஸ்டீனும் ஃபெர்குசனும் உண்டு. கோல் குறைந்தது என்று நாம் இன்று கணக்குப் பார்க்கிறோம், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் ஒருவரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள், சிவப்புச்சட்டை?

#10 சிவப்புச்சட்டை

வேறு நல்ல வீரர் இல்லாததும் ஒரு விளக்கம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஆள் பஞ்சமில்லை என்பது எனக்கும் தெரியும், ஆகவே அதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பெரிய நாளில், பெரிய ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக அவர் தனியாக நின்று வென்று கொடுத்த ஆட்டம் எது? லாவுக்கு 1967 வெம்பிளி இருக்கிறது. இதற்குப் பதில் வந்தால் நான் என் வாதத்தைத் தளர்த்துகிறேன்.

#11 முதுகாவலன்

ஐயா, அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

1976 மே மாதம், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானம், இங்கிலாந்துக்கு எதிராக. 1-1 என்று நின்றபோது டால்கிளிஷ் அடித்த பந்து இங்கிலாந்துக் கோல்காப்பாளர் ரே கிளமென்ஸின் இரு கால்களுக்கும் நடுவே உருண்டு உள்ளே போனது. ஸ்காட்லாந்து 2-1. அடுத்த ஆண்டே கிளமென்ஸும் அவரும் லிவர்பூலில் ஒரே அணி. 1977இல் வெம்பிளியில் மறுபடி 2-1. மெக்குயின் ஒரு கோல், டால்கிளிஷ் ஒரு கோல். ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கோல்கம்பத்தையே முறித்த நாள் அது.

1977 அக்டோபர் 12, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். வேல்ஸ் தன் சொந்த ஆட்டத்தை லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் வைத்துக்கொண்டது. வேல்ஸ் வீரர் டேவிட் ஜோன்ஸின் கை பட்டதாகச் சொல்லி ஸ்காட்லாந்துக்குப் பெனால்டி கொடுத்தார்கள். பந்தில் பட்டது ஜோர்டனின் கை என்று வேல்ஸ் மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள். அந்த வாதம் எப்படியும் போகட்டும். கடைசி நிமிடங்களில் மார்ட்டின் பூக்கன் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி ஆட்டத்தை முடித்தவர் டால்கிளிஷ். அவர் லிவர்பூலில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அர்ஜென்டினாவுக்குப் பயணச் சீட்டு அன்றுதான் உறுதியானது.

1984 நவம்பர், ஹாம்ப்டனில் ஸ்பெயினுக்கு எதிராக 3-1. அன்று அவர் இடது காலால் வளைத்து மேல் மூலையில் போட்ட பந்துதான் 30ஆவது கோல், லாவைச் சமன் செய்த கோல். அப்போது அவருக்கு 33 வயது. அந்த ஆண்டு கோடையில் ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்த அணி ஸ்பெயின். அன்று ஹாம்ப்டனில் இருந்தவர்கள், தங்கள் நாட்டுக்காக அடிக்கப்பட்ட மிக அழகான கோல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

#12 சிவப்புச்சட்டை

சொன்னபடி தளர்த்துகிறேன், ஐயா. ஸ்பெயின் கோலை இப்போது மறுபடி பார்த்தேன். பெனால்டி பகுதிக்குள் ஒருவரை ஏமாற்றி, உடம்பைத் திருப்பி, இடது காலில் இடம் பண்ணிக்கொண்ட விதம் லாவிடம் இல்லாத ஒன்று. லா காற்றில் எழுந்து நிற்பவர். இவர் தரையைப் படிப்பவர். இருவருக்கும் முப்பது முப்பது என்று நின்றதில் எனக்கு இனிமேல் வருத்தமில்லை. ஆனாலும் ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு கோல் வேண்டும் என்றால் லாவைத்தான் கேட்பேன்.

#13 கோல்வலை

லிவர்பூலின் முன்கள வீரர் கீகன் போனபிறகு அவருடைய 7ஆம் எண் சட்டையை வாங்கியது எவ்வளவு பெரிய பாரம் என்று யாராவது சொல்லுங்களேன். கீகன் போனதற்கு லிவர்பூல் ரசிகர்கள் கலங்கிப்போனார்கள் என்று படித்தேன்.

#14 ஏழாம்எண்

கலங்கினார்கள், தம்பி. 1977இல் லிவர்பூல் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வென்ற கையோடு கீகன் 5 லட்சம் பவுண்டுக்கு ஹாம்பர்க் போய்விட்டார். அந்தப் பணத்தில் 4 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு கொடுத்து பாப் பெய்ஸ்லி செல்டிக்கிலிருந்து டால்கிளிஷை வாங்கினார். பிரிட்டிஷ் அணிகளுக்கிடையே அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

லீக்கில் முதல் ஆட்டம் மிடில்ஸ்பரோவுக்கு எதிராக, முதல் சில நிமிடங்களிலேயே கோல். ஆன்ஃபீல்டில் முதல் ஆட்டம் நியூகாசிலுக்கு எதிராக, மறுபடியும் கோல். அந்தப் பருவத்தில் மொத்தம் 31. கீகனைப் பற்றிய பேச்சு கிறிஸ்துமஸுக்குள் ஓய்ந்துவிட்டது.

அந்தப் பருவத்தின் கடைசி நாள், 1978 மே 10, வெம்பிளி, கிளப் பிரூஜுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி. 64ஆவது நிமிடம். சூனெஸ் தடுப்பாட்டக்காரர்களுக்கிடையே பந்தை டால்கிளிஷுக்கு நழுவ அனுப்பினார். டால்கிளிஷ் வலப்பக்கம் தனியாக ஓடினார். கோல்காப்பாளர் பிர்ஜர் யென்சன் அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். அவர் முந்திக்கொண்டு கீழே விழுவார் என்று டால்கிளிஷ் கணித்திருந்தார், அவர் விழும்வரை அடிக்கவே இல்லை. யென்சன் தரையில் சாய்ந்த பிறகு அவருக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டார். 1-0, கோப்பை. பிறகு விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்துக் கொண்டாடினார்.

நான் ஐம்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கும் கோல் அது, ஒவ்வொரு தடவையும் அந்தக் காத்திருப்பு மூச்சைப் பிடிக்கிறது. தொண்ணூற்றிரண்டாயிரம் பேர் சத்தம் போடும் இடத்தில் அரை நொடி பொறுக்க எத்தனை பேரால் முடியும்?

#15 நடுக்களம்

சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறவன் நான். அந்தக் கோலைத்தான் அடிக்கடி காட்டுகிறேன். தனியாகக் கோல்காப்பாளர் முன்னால் போய்விட்டால் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைக்கிறார்கள். 'அவர் முதலில் அசையட்டும், நீ பிறகு அடி' என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, பார்த்தால் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று, தடுப்பாட்டக்காரரை முதுகால் தாங்கும் முறை. டால்கிளிஷ் இடுப்பையும் பின்புறத்தையும் எதிராளியின் தொடையில் ஒட்டிவைத்துக் கைகளைச் சற்று விரித்து நிற்பார். எதிராளி எந்தப் பக்கம் அழுத்துகிறார் என்பது முதுகிலேயே தெரியும். அழுத்தம் வலப்பக்கம் வந்தால் அவர் இடப்பக்கம் திரும்புவார். எதிராளியைப் பார்க்காமலேயே அவரைப் படிக்கிற வித்தை. உயரமோ வேகமோ இல்லாதவர் முதல்தர ஆட்டத்தில் இருபது ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தார் என்ற கோல்வலையின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. வேகம் 28 வயதில் குறையத் தொடங்கும். இந்த அறிவு குறையாது.

பெய்ஸ்லி ஆன்ஃபீல்டில் ஆடியும் பயிற்சி கொடுத்தும் நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்தவர். தான் பார்த்தவர்களில் திறமை மிகுந்தவர் டால்கிளிஷே என்று அவர் சொன்னார்.

#16 முதுகாவலன்

1985க்குப் பிறகு நடந்ததைப் பேசாமல் இந்த மனிதரைப் பற்றிய பேச்சு முழுமையாகாது.

1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் ஹெய்செல் மைதானம். யுவெண்டஸுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஆட்டம் தொடங்கும் முன்பே ரசிகர்கள் மோதலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் இத்தாலியர். ஜோ ஃபேகன் மேலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஆடிக்கொண்டிருந்த டால்கிளிஷே 34 வயதில் மேலாளர் ஆனார். வீரர்-மேலாளராக முதல் பருவத்திலேயே லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும். 1986 மே 3, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சிக்கு எதிராக லீக்கைத் தீர்மானித்த ஒரே கோல் அவருடையது. அணித்தோழர் பெக்லின் கொடுத்த பந்தை மார்பில் ஏந்திக் கீழே விழுமுன் அடித்தார்.

1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ. எஃப்ஏ கோப்பை அரையிறுதி. நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். கடைசி உயிர் 2021இல் பிரிந்தது. அந்த வாரங்களில் டால்கிளிஷும் மனைவி மரீனாவும் ஆன்ஃபீல்டைத் துக்கம் கேட்கும் இடமாகத் திறந்து வைத்தார்கள். இறுதிச் சடங்குகளுக்குப் போனார், ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குப் போன நாளும் உண்டு. இறந்தவர்களில் பலர் பள்ளிப் பருவத்தினர். பெற்றோர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எந்த மேலாளரின் வேலைப் பட்டியலிலும் இல்லை. அவர் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

1991 பிப்ரவரி 20, எவர்ட்டனோடு 4-4. இரண்டு நாள் கழித்து, லிவர்பூல் லீக்கில் முதலிடத்தில் இருந்தபோது, பதவி விலகினார். அழுத்தம் தாங்க முடியவில்லை என்றார். அன்று பலருக்குப் புரியவில்லை. இரண்டு ஆண்டுத் துக்கத்தை யாரிடமும் இறக்கி வைக்காமல் சுமந்தவர் என்று இன்று நமக்குத் தெரிகிறது. 2016இல் விசாரணை மன்றம் அந்த மரணங்கள் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்து, ரசிகர்கள் மேல் பழி இல்லை என்று சொல்லும்வரை அந்தக் குடும்பங்களோடு நின்றார். 2018இல் அவருக்கு சர் பட்டம் வழங்கியபோது கால்பந்துக்காக மட்டுமல்ல, அறப்பணிக்காகவும் லிவர்பூல் நகரத்துக்குச் செய்ததற்காகவும் என்று குறிப்பிட்டார்கள்.

#17 பார்க்ஹெட்வாசி

ஐயா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கிளாஸ்கோவின் பக்கமிருந்து ஒரு கசப்பான செய்தியையும் பதிவு செய்ய வேண்டும். 1978 ஆகஸ்டில் ஜாக் ஸ்டீனின் பாராட்டு ஆட்டத்துக்கு லிவர்பூல் அணியோடு டால்கிளிஷ் செல்டிக்கின் மைதானமான பார்க்ஹெட் வந்தபோது, பத்தாண்டு தங்களுக்காக ஆடியவரைப் பார்த்து செல்டிக் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அணித்தலைவராக இருந்தவர் விட்டுப் போனது அவ்வளவு வலித்தது. என் பகுதியில் அந்தத் தலைமுறை ஆட்கள் அதைப் பற்றிப் பேச இன்றும் தயங்குகிறார்கள். பிறகு காயம் ஆறியது. 1986இல் கிளாஸ்கோ நகரம் அவருக்கு நகரச் சிறப்புரிமை கொடுத்தது.

#18 கோல்வலை

1986 உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை? 100 ஆட்டம் முடித்த அதே ஆண்டு அல்லவா அது?

#19 ஏழாம்எண்

அதே ஆண்டுதான். 1986 மார்ச்சில் ருமேனியாவுக்கு எதிராக ஹாம்ப்டனில் நூறாவது ஆட்டம். மெக்சிகோவுக்குப் போகும் அணியிலும் பெயர் இருந்தது. முழங்கால் காயத்தால் விலகினார். போயிருந்தால் நான்காவது உலகக் கோப்பை. அந்த ஆண்டு நவம்பரில் லக்சம்பர்குக்கு எதிராகக் கடைசி ஆட்டம் ஆடினார்.

கிளப்பில் இன்னும் சில காலம். கடைசியாகக் களமிறங்கியது 1990 மே 1, டெர்பி கவுண்டிக்கு எதிராக, மாற்று வீரராக, 39 வயதில். லிவர்பூலுக்கு மொத்தம் 515 ஆட்டம், 172 கோல்.

மேலாளராகப் பிறகு பிளாக்பர்னை 1992இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றி, ஷியரர், சட்டன் இருவரையும் முன்னால் வைத்து 1995இல் பட்டமும் வாங்கினார். பட்டம் உறுதியான கடைசி நாள் ஆட்டம் நடந்ததும் ஆன்ஃபீல்டில்தான். அன்று பிளாக்பர்ன் 2-1 என்று தோற்றது, மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமில் சமன் செய்ததால் பட்டம் பிளாக்பர்னுக்கு. இரண்டு வெவ்வேறு அணிகளோடு இங்கிலாந்து லீக்கை வென்ற மேலாளர்கள் டாம் வாட்சன், ஹெர்பர்ட் சாப்மன், பிரையன் கிளாஃப், டால்கிளிஷ் ஆகிய நால்வர்தான். நியூகாசில் காலமும் 2011இல் லிவர்பூலுக்குத் திரும்பி வந்த காலமும் தனி இழைக்கு உரியவை.

#20 சிவப்புச்சட்டை

மேலாளர் வாழ்க்கையில் லாவோடு ஒப்பிட ஒன்றுமில்லை, லா அந்தப் பக்கமே போகவில்லை. நான் முன்கள வீரர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நடுக்களத்தின் #3ஐ மறுபடி படித்தேன். 1983-84இன் ஏழு கோல் எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டது. லாவின் யுனைடெட்டில் பெஸ்டும் சார்ல்டனும் இருந்தார்கள். அந்த அணியில் லா ஒரு பருவத்தில் ஏழு கோல் மட்டும் அடித்திருந்தால் நாங்கள் அவரைக் கொண்டாடியிருப்போமா என்று யோசித்தேன். மாட்டோம். டால்கிளிஷைக் கொண்டாடினார்கள். முன்கள வீரர் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு தனித்தனி வேலைகளை இவர்கள் செய்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு வருகிறேன், இதற்கு மேல் இழுக்காதீர்கள்.

#21 நடுக்களம்

இழுக்கவில்லை, நண்பரே. கோல்வலை, உனக்கு நேரமிருந்தால் இந்த வரிசையில் பார்: 1978 பிரூஜ் இறுதி ஆட்டம் முழுவதும், கோலை மட்டும் அல்ல. அடுத்து 1982-83 பருவத்தின் எந்த ஆன்ஃபீல்டு ஆட்டமானாலும் சரி. அந்தப் பருவத்தில் லீக்கில் 18 கோலும் அடித்தார், ரஷ்ஷுக்கும் கொடுத்தார், வீரர்கள் சங்க விருது, எழுத்தாளர் சங்க விருது இரண்டும் அவருக்கே. மூன்றாவதாக ஸ்பெயின் ஆட்டம். பந்து அவரிடம் இல்லாத நேரத்தில் அவர் தலையைத்தான் கவனி. எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணி இங்கே வந்து எழுது.

#22 கோல்வலை

பிரூஜ் ஆட்டத்தின் முதல் பாதி முடிந்தது அண்ணா. எண்ணத் தொடங்கினேன், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன், அவ்வளவு முறை திரும்புகிறார். சூனெஸ் பந்தைத் தொடும் ஒவ்வொரு நேரமும் இவர் ஏற்கெனவே இரண்டு பக்கமும் பார்த்து முடித்திருக்கிறார். இரண்டாம் பாதி இன்றிரவு.